பேசாத பிள்ளையின் தகப்பன்

வரிசையில் நிற்கத் தெரியாத மனிதன் என்று ஒருவனைக் காட்டச் சொன்னால் என் தங்கை புருஷன் சுகிர்தனைத்தான் காட்டுவேன். நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் தெருவில் கிடந்த அந்த வருடத்தில், வெள்ளவத்தையில் சிலிண்டர் வாங்க வரிசைக்கு வராத ஒரே குடும்பத் தலைவன் அவன்தான். மின்சார அடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அது வந்த வேளை மின்வெட்டும் வந்தது. பிள்ளைக்கும் பெண்சாதிக்கும் பாணும் சம்பலும் கொடுத்துச் சமாளித்தான். பேக்கரியில் நாலு பேர் நின்றால் அந்தப் பாணும் வராது. வெறுங்கையோடு திரும்பி வந்து, "முடிஞ்சுதாம்" என்று பொய் சொல்லுவான்.

இன்னொன்று, அடையாள அட்டை. சட்டைப் பையில் அட்டை, பேர்ஸில் அதன் பிரதி, சாப்பாட்டுப் பையில் இன்னொரு பிரதி. கடற்கரைக்குக் கால் நனைக்கப் போனாலும் அட்டை போகும். "குளிக்கேக்க எங்கையடி வைப்பான்?" என்று ஒருநாள் என் தங்கை சாருஜாவிடம் கேட்டேன். "சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில அண்ணா" என்றாள். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

காலி வீதியில் ஒரு கார்கோ கடையில் வேலை செய்கிறான். மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை, கோயில் விபூதி என்று சனங்கள் கொண்டுவருவதை எல்லாம் பெட்டியில் அடுக்கி, நாடா ஒட்டி, ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புவது தொழில். அவனும் ஒரு காலத்தில் போகத்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்தவன். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து, ஏஜென்சிக்காரன் கூப்பிடுவான் கூப்பிடுவான் என்று காத்திருந்தான். ஏஜென்சிக்காரன் தானே முதலில் போய்விட்டான். இவன் தங்கிவிட்டான். இவன் கட்டிய பெட்டிகள் மட்டும் வாராவாரம் விமானம் ஏறுகின்றன.

அவன் லொட்ஜில் இருந்த போர்க்காலத்தில்தான் ஒரு விடியற்காலை பொலிஸ் வந்து தமிழரை லொட்ஜ்களில் இருந்து இறக்கி, பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பியது. சுகிர்தனும் போனான். சில நாளில் திரும்பியும் வந்தான். அதைப் பற்றிக் கேட்டால் "ஓசிப் பயணம் மச்சான், யன்னல் சீற்றும் கிடைச்சது" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. நானும் தோண்டுவதில்லை. நான் இருக்கும் கொட்டாஞ்சேனையிலும் தோண்டாமல் விட்ட கதைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன.

இதெல்லாம் அவனோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அவன் அதைப் பிள்ளைக்கும் ஊட்டினான்.

வரிசைகள் ஓய்ந்த பிறகு நடந்த கதை இது; மகள் சிவானிக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் அவள் வாய் மூடினால் அது நித்திரை என்று அர்த்தம். ஐந்தாம் மாடிக்கு லிஃப்ற் வருவதற்குள் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள். ஆனால் வாசலைத் தாண்டினால் வேறு பிள்ளை. பஸ்ஸில் அப்பா என்று சத்தமாகக் கூப்பிடக்கூடாது. தெருவில் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. சீருடை போட்டவர் யாரும் உன் பெயர் என்ன என்று கேட்டால், தெரியாது. பக்கத்தில் நிற்பவரைக் காட்டி இவர் யார் என்று கேட்டால், அதுவும் தெரியாது. இவ்வளவையும் அவன் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லிக் கொடுத்திருந்தான். இடையில் கொஞ்சம் தளர்ந்திருந்தவன்தான். அந்த ஈஸ்டர் ஞாயிறு தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு வீதியில் மறுபடியும் பைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியபோது பழையபடி இறுகிப்போனான். ஏனடா இந்தப் பிள்ளையைப் பயப்படுத்துகிறாய் என்று கேட்டால், "பயப்பிடுத்தேல்லை மச்சான். பழக்கிறன்" என்பான்.

பழக்கியதன் பலன் பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. வகுப்பு ஆசிரியை சாருஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைக்குப் பேச்சு ஏதும் பிரச்சினையா? ஒரு டொக்டரிட்டக் காட்டிப் பாருங்கோவன்" என்று கேட்டாராம். சாருஜா அன்று பின்னேரம் எனக்கு ஃபோன் எடுத்து அழுதாள். அவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதம். அழவும் கூடாது, அழாமலும் இருக்க முடியவில்லை.

சுகிர்தன் அதைக் கேட்டுவிட்டு மேசையில் இருந்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே ஆறவிட்டானாம். பிறகு அவனே கேட்டிருக்கிறான்: "சாரு, எல்லாரும் கத்திச் சத்தம் போடுற இடம் ஏதும் இருக்கே? பிள்ளையள் போற இடம்?"

அப்படி ஒரு இடம் இருந்தது. கொழும்புக்கு வெளியே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டம் ஒன்றை வெட்டிக் கட்டிய பெரிய பூங்கா. பெயர் வேண்டாம், விளம்பரம் செய்ய அவர்கள் எனக்கு ஒன்றும் தருவதில்லை. அலையடிக்கும் குளம், சறுக்குகள், படகுகள். சிவானியின் வகுப்பில் பாதிப்பேர் போய்வந்துவிட்டார்கள். சுகிர்தன் எனக்கு ஃபோன் எடுத்தான். "மச்சான், நீங்களும் வாங்கோ. அவள் வெளியில ஒருக்கா வாய்விட்டுக் கத்தவேணும். எனக்கு அது காணும்."

அந்தக் குரலில் இருந்த கெஞ்சலுக்காகத்தான் போனேன். எனக்குத் தண்ணீரும் ஒத்துவராது, வெயிலும் ஒத்துவராது. என் மனைவி கெட்டிக்காரி, தடிமன் என்று சொல்லி வீட்டில் நின்றுவிட்டாள்.

எங்கள் சந்தியில் இருந்து ரிப்கானின் வானைப் பிடித்துக்கொண்டு போனோம். சாருஜா விடிய எழும்பிப் புளிச்சோறு கட்டி, முட்டை அவித்து, கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தாள். வாசலில் வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நம் சனம் சாப்பாடு கட்டாமல் ஓரிடத்துக்குப் போனதாக வரலாறு உண்டா? எங்களுக்கு முன்னும் பின்னும் நின்ற குடும்பங்கள் எல்லாம் சட்டியும் பானையுமாக வான்களுக்குத் திரும்பி நடந்தன. "விடுங்கோ அக்கா, பத்திரமா நான் பாத்துக்கொள்றேன்" என்றான் ரிப்கான். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் முகமாக அது தெரியவில்லை.

வாசலில் பை பார்ப்பதற்கு ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். என் முறை வந்தபோது திரும்பிப் பார்த்தேன். சுகிர்தன் யாரும் கேட்காமலே இரண்டு கையையும் விரித்து நின்றான். காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யன்ன, யன்ன" என்று தோளில் தட்டிப் போகச் சொன்னான். சுகிர்தனின் நெற்றி வேர்த்திருந்தது. ஆனாலும் உள்ளே வந்தான். அவன் அந்த வாசலைத் தாண்டியதே பெரிய காரியம் என்று எனக்குப் பட்டது.

உள்ளே வந்த பிறகு, அந்த இடத்தைக் கட்டியவனுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். குறை சொல்ல வந்தவன் நான். என்னாலேயே சொல்ல முடியவில்லை. எங்கே திரும்பினாலும் தண்ணீர்ச் சத்தம். வெயில் சுடும் இடத்தில் எல்லாம் மேலிருந்து பன்னீர் தெளிப்பதுபோல ஒரு தூறல். பாதைகள் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து போயின. அடுத்தது என்ன என்று பார்க்கும் ஆசையிலேயே பிள்ளைகள் களைக்காமல் நடந்தார்கள். பெற்றவர்கள் குந்துவதற்கு நிழல் வாங்குகள் போட்டிருந்தார்கள், அதுவும் குளத்தைப் பார்த்தபடி. எங்கிருந்தோ மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் வானை நிறுத்தி, சண்டை பிடித்துக்கொண்டே இறங்கிய ஒரு புருஷன் பெண்சாதியைக் காலையில் பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒரே ஐஸ்கிரீமை மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீருக்குள் இறங்கும் பிள்ளைகளுக்குப் பூங்காவே நீலச் சட்டை ஒன்றை வாடகைக்குக் கொடுத்தது. சிவானி அதைப் போட்டுக்கொண்டு, குளத்தின் ஓரத்தில் தகப்பனின் கையைப் பிடித்தபடி நின்றாள். மணி அடித்தது. அலை எழும்பியது. குளத்தில் நின்ற அத்தனை பேரும், சிங்களம் தமிழ் சோனகம் என்றில்லாமல், ஒரே குரலில் கத்தினார்கள். முதல் அலைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது அலை அவளைத் தூக்கிப் போட்டது. தண்ணீரை உமிழ்ந்துகொண்டு எழும்பியவள் முழுக் குளத்துக்கும் கேட்கக் கத்தினாள்.

"அப்பா! இஞ்சை பாருங்கோ அப்பா! என்னைத் தூக்கினது!"

சுகிர்தன் சட்டென்று சுற்றிப் பார்த்தான். யாரும் திரும்பவில்லை. ஆயிரம் சத்தத்தில் அதுவும் ஒரு சத்தம். பிறகுதான் அவன் முகம் மலர்ந்தது. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டதே மச்சான்? கேட்டதே?"

"கேட்டது, கேட்டது. என்ர காது இப்பவும் அடைச்சுக்கொண்டு நிக்குது" என்றேன்.

அவன் சிரித்தான். அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. சாருஜா வாங்கில் இருந்தபடி கண்ணைத் துடைத்தாள். மத்தியானம்வரை அந்தப் பிள்ளை கத்திய கத்தலுக்குக் கணக்கில்லை. சறுக்கில் கத்தினாள், வாளித் தண்ணீர் தலையில் கொட்டியபோது கத்தினாள், என்னைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். அன்றைக்கு அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குப் படகு ஒன்று பாக்கி இருந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் வானின் கதவைத் திறந்துவைத்துப் புளிச்சோற்றைத் தின்றோம். ரிப்கான் பார்த்துக்கொண்டதில் இரண்டு முட்டை குறைந்திருந்தது. பிறகு படகுக்குப் போனோம்.

படகு இருந்த பக்கத்துக்குக் கொமாண்டோ தீவு என்று பெயர் வைத்திருந்தார்கள். உலகத்தில் வேறு எத்தனையோ தீவுகள் இருக்க, இந்த நாட்டில் ஒருவனுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. வாசலில் மணல்மூட்டை அடுக்கி, மேலே வலை போர்த்தியிருந்தது. கறுப்பும் வெள்ளையும் பூசிய தார்ப் பீப்பாய்கள். ஒரு காவல்கோபுரம், அதில் சுற்றும் விளக்கு. ஒலிபெருக்கியில் ஹெலிகொப்டர் சத்தமும் வெடிச் சத்தமும். முகத்தில் கரி பூசி, பச்சைப் புள்ளிச் சீருடை போட்ட பணியாளர்கள் பிளாஸ்டிக் துவக்குகளோடு நின்று, வரிசையில் வருபவர்களை மறித்துப் பகிடி விட்டார்கள். தகப்பன்மாரைக் கையை உயர்த்தச் சொல்வதும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதும், அதை ஒருவர் படம் பிடிப்பதும். வரிசை நீளம் என்பதை யாரும் உணரவில்லை. அவ்வளவு கெட்டித்தனமாகச் செய்திருந்தார்கள். எல்லாக் குடும்பங்களும் சந்தோஷமாக இருந்தன என்பதை நான் மறைக்கமாட்டேன்.

சிவானியின் உயரத்துக்குப் பெரியவர் ஒருவர் கூடப் போகவேண்டும் என்று பலகை சொன்னது. அதே பலகையில் வயிறு பெருத்த பெண்ணின் படத்துக்கும், நெஞ்சைப் பிடித்த கிழவனின் படத்துக்கும் குறுக்கே கோடு இழுத்திருந்தது. கிழவன் நான் என்று வைத்துக்கொள்ளலாம், எனக்கு இரத்த அழுத்தம். ஆக, தகப்பன்தான்.

"ஏலாதெண்டா விடுங்கோ. நான் அவளுக்குச் சொல்றன்" என்றாள் சாருஜா, அவன் முகத்தைப் பார்த்து.

"ஏலும். விளையாட்டுத்தானே?" என்றான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். நாங்கள் எதிரே ஒரு வாங்கில் இருந்தோம்.

அவர்களின் முறை வந்தது. கரி பூசியவன் துவக்கை நீட்டி "அத் உஸ்ஸன்ன!" என்று அதட்டினான். சுகிர்தனின் கைகள் அதற்கு முன்பே மேலே போயிருந்தன. சனம் சிரித்தது. நடிப்பவனுக்கு உற்சாகம் கூடிவிட்டது. "ஐடி எக்க பென்னன்ன!" என்றான், அடையாள அட்டையைக் காட்டட்டாம். மற்றவர்கள் எல்லாம் அதற்குக் கையில் கட்டிய பூங்காப் பட்டியைக் காட்டினார்கள். ஒரு கிழவி தன் பல்லைக் காட்டினாள். சுகிர்தன் சட்டைப் பையில் இருந்து உண்மையான அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

சிரிப்பு இன்னும் பெரிதாக எழும்பியது. அட்டையை வாங்கியவன்கூட ஒரு கணம் முழித்தான். பிறகு சல்யூட் அடித்துத் திருப்பிக் கொடுத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சிரிக்காமல் நின்றது சிவானி மட்டும்தான். அவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது.

உள்ளே பிள்ளைகளை இடப்பக்கம் மிதப்புச் சட்டை போட அனுப்பினார்கள். பெரியவர்களை வலப்பக்கம். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள் என்று நாங்கள் எழும்பி, சாருஜாவுக்கு வாய்க்குப் புளிப்பாக இருக்கட்டும் என்று உப்பும் மிளகாயும் போட்ட அன்னாசி வாங்கப் போனோம்.

சுகிர்தன் வலப்பக்கம் போகவில்லை. வந்த வழியே, சனத்தை இடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வெளியே வந்திருக்கிறான். அது அவனுக்குச் சரியாக நினைவில்லை. பிள்ளை தாயிடம் போயிருக்கும் என்று நினைத்தானாம். ஏன் அப்படி நினைத்தான் என்றும் தெரியாதாம். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அன்னாசி தின்றுகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் வந்தது. முதலில் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில். நீலச் சட்டை போட்ட ஒரு சிறு பெண்பிள்ளை காவல் அலுவலகத்தில் இருக்கிறது, பிள்ளைக்குப் பேச்சு வராது, பெற்றோர் வரவும். "பாவம், ஆர் பெத்த பிள்ளையோ" என்றேன். "வாய் பேசாத பிள்ளையை இந்தச் சனத்துக்குள்ள எப்பிடித்தான் தனிய விடினமோ" என்றாள் சாருஜா. காலையில் இருந்து காது கிழியக் கத்திய பிள்ளையைப் பெற்றவளுக்கு வேறு என்ன தோன்றும்? நீலச் சட்டையோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலச் சட்டை.

படகில் இருந்து இறங்கும் வாசலில் போய்க் காத்து நின்றோம். படகுகள் வந்தன, போயின. பிறகு எதிர்ப்பக்கத்தில் இருந்து சுகிர்தன் வந்தான். தலை நனைந்து, தனியாக.

"பிள்ளை எங்கை?" என்றாள் சாருஜா.

"உம்மோட இல்லையே?" என்றான் அவன்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. சாருஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தாள். நான் சறுக்குகளின் கீழே தேடினேன். கூப்பிட்டேன். அவ்வளவு நேரம் இனிமையாக இருந்த மேளம் இப்போது தலையில் அடித்தது. வளைந்து போகும் பாதைகளில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தப் பிள்ளையைத் தொட்டுத் திருப்பினாலும் வேறு முகம். சந்தோஷத்துக்கென்று செய்து வைத்திருந்த ஒவ்வொன்றும் எங்களுக்கு எதிராக நின்றது.

மறுபடி அந்த அறிவித்தல் வந்தது. பேச்சு வராத பிள்ளை. சுகிர்தன் என் அருகில் அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான், அது எங்கட பிள்ளை."

"விசரே உமக்கு? அவள் வாயாடி…"

"எங்கட பிள்ளைதான். நான்தான் பழக்கினனான்."

ஓடினான். நான் பின்னால் ஓடினேன்.

அலுவலகத்தில் மண்ணிறச் சீருடை போட்ட ஒரு பெண் பொறுப்பாக இருந்தார். நல்ல மனுசி, முகத்தில் தெரிந்தது. படகடியில் தனியாக நின்றதைக் கண்டு கொண்டுவந்து இருத்திய சிவானி ஒரு நாற்காலியில், கால் நிலத்தைத் தொடாமல் இருந்தாள். முன்னால் ஒரு ஐஸ்கிரீம் கோப்பை தொடப்படாமல் உருகியிருந்தது. அவள் அழுதிருக்கவில்லை. சுகிர்தன் வாசலில் நின்று மூச்சு வாங்க, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இது என் பிள்ளை என்று சொன்னான். அந்த அம்மா சிரித்துக்கொண்டு பிள்ளையிடம் குனிந்து கேட்டார்.

"துவ, மே தாத்தாத?"

மகள், இது அப்பாவா என்று கேட்கிறார். சிவானி சுகிர்தனைப் பார்த்தாள். முன்பின் பார்த்திராத ஒருவரைப் பார்ப்பதுபோல, கண்ணில் ஓர் அசைவும் இல்லாமல் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.

அந்த அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. எழும்பிப் பிள்ளைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். வாசலில் நின்ற இன்னொரு காவலாளி உள்ளே வந்தான். அவர்கள் மேல் என்ன குற்றம்? வேர்த்து, நடுங்கிக்கொண்டு ஒருவன் வந்து ஒரு பெண்பிள்ளையைக் கேட்கிறான், பிள்ளை தெரியாது என்கிறது. நானாக இருந்தாலும் நடுவில்தான் நிற்பேன். சுகிர்தன் அட்டையை எடுத்து நீட்டினான். பிறகு பேர்ஸில் இருந்த பிரதியையும் நீட்டினான். அவன் பெயரும் பிறந்த ஊரும் அதில் இருந்தன. அவன் யாருடைய தகப்பன் என்று அதில் இல்லை.

நான் மாமா என்று முன்னால் போனேன். என்னையும் அவளுக்குத் தெரியாது.

சுகிர்தன் முழங்காலில் இருந்தான். "அம்மாச்சி, சொல்லலாம். இவை ஒண்டும் செய்யமாட்டினம். அப்பா எண்டு சொல்லுங்கோ" என்றான். அவன் உதடு நடுங்கியது, கை நடுங்கியது. பயப்பட ஒன்றுமில்லை என்று அவன் வாய் சொன்னதை அவன் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை உடம்பைத்தான் நம்பியது. உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு, காவலாளியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

சாருஜா மூச்சிரைக்க வந்து, ஃபோனில் படங்களைக் காட்டி, அழுது, அந்த அம்மாவையும் அழவைத்த பிறகுதான் எங்களை விட்டார்கள். புறப்படும்போது அந்த அம்மா சுகிர்தனிடம் மரியாதையாகவே சொன்னார்: மஹத்தயா, பிள்ளைக்குப் பெயரும் தொலைபேசி இலக்கமும் சொல்லப் பழக்குங்கள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

வானில் நான்தான் கதையைத் தொடங்கினேன்: "என்ன பெட்டை, பூங்காவில எது நல்லாயிருந்தது? அலையோ, சறுக்கோ?"

"அந்த ஒஃபிஸ்தான், மாமா" என்றாள். வான் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது, சீருடைகள் இல்லை, அவளுக்குக் குரல் வந்துவிட்டது. "எத்தினை பேர் கேட்டவை தெரியுமோ? ஐஸ்கிரீம் எல்லாம் தந்தவை. நான் ஒண்டுமே சொல்லேல்லை. அப்பாவைத் தெரியாதெண்டிட்டன். அப்பா, நான் சரியாத்தானே செய்தனான்?"

முன் ஆசனத்தில் இருந்த சுகிர்தன் திரும்பவில்லை. "ஓம் அம்மாச்சி. சரியாத்தான் செய்தனீங்கள்" என்றான். ரிப்கான் றேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டான்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கு அப்பால் கல்லில் இருந்துகொண்டு, அவனாகவே சொன்னான். லொட்ஜில் அவனோடு ஒரே அறையில் வினோதன் என்று ஒருவன் இருந்தானாம். இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடிக்கப் போன வழியில் சீருடைக்காரர் மறித்திருக்கிறார்கள். வினோதனிடம் அட்டை இல்லை, அறையில் விட்டுவிட்டு வந்திருந்தான். இவனைத் தனியாகக் கூப்பிட்டு, அவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். இவனும் நண்பனுக்கு உதவி என்று நினைத்து, தெரியும், ஒரே அறைதான் என்று பெயரையும் ஊரையும் சொல்லியிருக்கிறான். சண்டை நடந்த பக்கத்தில் இருந்த அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் வினோதனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

"தெரியாதெண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கள் மச்சான்" என்றான்.

அப்படி இல்லை, அவர்கள் எப்படியும் கொண்டுபோயிருப்பார்கள் என்று சொன்னேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும். ஒரு ரயில் கல்கிசைப் பக்கம் சத்தத்தோடு போனது.

இப்போது அவனுக்கு ஒரு மகனும் பிறந்துவிட்டான். சிவானி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். ஆசிரியை மாறிவிட்டார், பேச்சைப் பற்றிய கேள்வி மாறவில்லை. சுகிர்தன் தான் பழக்கியதைத் தானே மறக்கப் பண்ண முயல்கிறான். கார்கோ கடையை விட்டு வந்ததும் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறான். போன கிழமை நானும் கூட இருந்தேன். கடலை வண்டிக்குப் பக்கத்தில், சனம் போய்வரும் இடத்தில் அவளை நிறுத்தி, குனிந்து கேட்டான்.

"பிள்ளை, உங்கட பேர் என்ன? சத்தமாச் சொல்லுங்கோ பாப்பம். அப்பான்ர பேர் என்ன?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கன்னம் இரண்டும் சிரிப்பில் உப்பியது. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். தகப்பன் தன்னைச் சோதிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவன் மறுபடி கேட்டான். கெஞ்சிக் கேட்டான். எவ்வளவு கெஞ்சினானோ அவ்வளவு பெருமையாக அவள் தலையை ஆட்டினாள். கடைசியில் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முகம் எனக்குத் தெரியாதபடி கடலைப் பார்த்து நின்றான். அவள் அவன் காதோடு குனிந்து, வெளியில் கதைக்கும் அந்தச் சின்னக் குரலில் சொன்னாள்.

"அப்பா பயப்பிடாதேங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."